பெராக்சைடு கரைசல் மென் லென்ஸில் உள்ள கிருமியை எவ்வளவு தூரம் கொல்கிறது?

மென் காண்டாக்ட் லென்ஸை பெராக்சைடு கரைசலில் ஆறு மணி நேரம் ஊறவைக்கச் சொல்கிறார்களே, அந்த ஆறு மணி நேரமும் கிருமி செத்துக்கொண்டே இருக்கும் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இன்று பெரும்பாலானோர் வாங்குவது ஒற்றைப்படி முறை, அதாவது கிருமியைக் கொல்வதும் பெராக்சைடைச் சிதைப்பதும் ஒரே டப்பாவில் சேர்ந்தே நடக்கும் முறை. அதில் அது சரியல்ல. கொல்லும் வேலையில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே, கரைசல் பொங்கிக் குமிழ்விடும் நேரத்தை ஒட்டியே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் காத்திருப்பு: மிச்சமிருக்கும் பெராக்சைடு கண்ணைச் சுடாத அளவுக்கு இறங்குவதற்கான காத்திருப்பு. இந்தக் கரைசலின் பலம், பலவீனம், அதில் நடக்கும் விபத்துகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைவிடுபவைதான்.

புட்டியில் இருப்பது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில், 30,000. ஒரு முறை டப்பாவை நிரப்ப ஏறக்குறைய 10 மில்லி லிட்டர் பிடிக்கும், அதில் 0.3 கிராம் பெராக்சைடு இருக்கிறது. அது முழுவதும் சிதைந்தால் தண்ணீரும் ஆக்சிஜனும்தான் மிஞ்சும். ஆக்சிஜனின் அளவு அறை வெப்பநிலையில் 100 மில்லி லிட்டருக்கும் சற்று அதிகம், அதாவது ஊற்றிய கரைசலைப் போல் பத்து மடங்கு வாயு. அந்த டப்பாவின் மூடியில் சின்னத் துளை விட்டிருப்பது இதற்காகத்தான். துளை அடைபட்டிருந்தாலோ, டப்பாவைக் கைப்பையில் படுக்கவைத்திருந்தாலோ கரைசல் வெளியே கசியும். அளவு குறைந்து லென்ஸின் மேல்பகுதி நனையாமல் நின்றால் அந்தப் பகுதிக்குக் கிருமிநீக்கமே நடக்காது.

கிருமியைப் பெராக்சைடு கொல்லும் விதம் முரட்டுத்தனமானது. அது மிகச் சிறிய மூலக்கூறு, மின்னேற்றமும் கிடையாது. செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே போகிறது, அங்கிருக்கும் இரும்பு அயனிகளோடு சேர்ந்து ஹைட்ராக்சில் ராடிக்கல்களை உண்டாக்குகிறது. அவை புரதம், கொழுப்பு, டிஎன்ஏ என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஆக்சிஜனேற்றி உடைக்கின்றன. ஒரே ஒரு இடத்தைக் குறிவைக்கும் மருந்தாக இருந்தால் கிருமி அந்த இடத்தை மாற்றிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். எல்லா இடத்திலும் அடி விழும்போது அது எளிதல்ல.

ஆனால் கிருமிகளிடம் ஒரு கேடயம் உண்டு: கேட்டலேஸ் என்ற நொதி. பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுவதுதான் அதன் வேலை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், செராட்டியா மூன்றிடமும் அது இருக்கிறது. 3 சதவீதக் கரைசலில் தனித்தனியாக மிதக்கும் பாக்டீரியாவுக்கு இந்தக் கேடயம் போதாது, அது நிமிடக் கணக்கில் சாகிறது. அதே பாக்டீரியா டப்பாவின் சுவரில் பிசுபிசுப்பான படலமாகக் கூடி உட்கார்ந்திருந்தால் கதை வேறு. மேலடுக்கில் உள்ளவை வெளிவிடும் கேட்டலேஸ் கரைசலை அங்கேயே பலவீனப்படுத்திவிடும், அடியடுக்கு தப்பிக்கும். அழுக்கு டப்பாவில் நல்ல கரைசலை ஊற்றுவதில் பெரிய பயன் இல்லை என்பது வெறும் சுத்தம் பற்றிய அறிவுரை அல்ல, அதற்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது.

பிளாட்டினம் வட்டு செய்யும் வேலை

ஒற்றைப்படி முறையில் லென்ஸ் கூடையின் அடியில் பிளாட்டினம் பூசிய ஒரு சின்ன கறுப்பு வட்டு இருக்கும். பெராக்சைடு அதன் மேல் பட்டதும் சிதையத் தொடங்குகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், கிருமிநீக்கமும் நடுநிலையாக்கமும் ஒரே நொடியில் தொடங்குகின்றன. மூடியைத் திருகி முடிப்பதற்குள்ளேயே கரைசல் தன் வலுவை இழக்க ஆரம்பித்துவிடுகிறது. முதல் கால் மணி நேரத்துக்குள் 3 சதவீதம் ஏறக்குறைய 1 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

பிறகு ஏன் ஆறு மணி நேரம்? 30,000 பிபிஎம் என்பது 100-க்குக் கீழே வர வேண்டும். அந்த அளவுக்கு மேல் இருந்தால் பலருக்குக் கண் எரிய ஆரம்பிக்கும். முந்நூறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும் என்றால், பாதியாக, மீண்டும் பாதியாக என்று எட்டு முறைக்கு மேல் குறைய வேண்டும். முதல் சில பாதிகள் வேகமாக வரும், ஏனென்றால் பொங்கும் குமிழே கரைசலைக் கலக்கி புதிய பெராக்சைடை வட்டுக்குக் கொண்டுவருகிறது. குமிழ் அடங்கிய பிறகு கலக்க ஆளில்லை. மூலக்கூறுகள் தாமாக மெல்ல நகர்ந்து வட்டை அடைய வேண்டும். போதாததற்கு லென்ஸும் ஒரு தேக்கத்தொட்டி. தன் நீர்ச்சத்தோடு சேர்த்துக் குடித்திருக்கும் பெராக்சைடை அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே விடும். நான்கு மணி நேரம் தூங்கி எழுந்து லென்ஸை எடுத்து மாட்டுகிறவருக்குக் கண் எரிவது இந்தக் கடைசிக் கட்டம் முடியாததால்தான். கிருமி அதற்கு வெகு முன்பே செத்திருக்கும், அது வேறு விஷயம்.

மாத்திரை போடும் முறையில் இந்த இழப்பைத் தள்ளிப்போடப் பார்க்கிறார்கள். மாத்திரைக்குள் இருப்பதும் கேட்டலேஸ்தான், ஆனால் மேலே ஒரு பூச்சு. பூச்சு கரையும்வரை பெராக்சைடு முழு வலுவோடு இருக்கிறது, பிறகு நொதி வெளிவந்து சில நிமிடங்களில் எல்லாவற்றையும் உடைத்துவிடுகிறது. பூச்சில் விரிசல் விழுந்த, ஓரம் நொறுங்கிய மாத்திரையைப் போட்டால் தொடக்கத்திலேயே நொதி கசிந்துவிடும். கரைசல் நுரைக்கும், கண்ணும் எரியாது, எல்லாம் சரியாக நடந்ததுபோலவே இருக்கும். கிருமிநீக்கம் மட்டும் நடந்திருக்காது. டப்பாவைச் சரியாக அலசாமல் முந்தைய நாள் கேட்டலேஸ் ஒட்டியிருந்தாலும் இதே கதிதான். எரிச்சல் தரும் தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். எரிச்சல் தராத தவறுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். சில மாத்திரைகளில் வைட்டமின் பி12 சேர்த்திருப்பார்கள், கரைசல் இளஞ்சிவப்பானால் மாத்திரை கரைந்திருக்கிறது என்று தெரியும். அந்த நிறம் மாத்திரை போட்டதற்குச் சாட்சி, கிருமி செத்ததற்கு அல்ல.

இவை இரண்டுக்கும் முன்பு இருந்தது இரண்டுபடி முறை. முதலில் வட்டோ மாத்திரையோ இல்லாத சுத்தமான 3 சதவீதக் கரைசலில் ஊறல். விரும்பினால் இரவு முழுவதும்கூட. காலையில் அதைக் கொட்டிவிட்டு, சோடியம் பைருவேட், சோடியம் தயோசல்ஃபேட், அல்லது கேட்டலேஸ் உள்ள நடுநிலையாக்கியில் இன்னொரு ஊறல். கொல்லும் திறனை மட்டும் பார்த்தால் இதை மிஞ்ச இன்றுவரை வேறு பெராக்சைடு முறை இல்லை. ஆனால் இரண்டாவது படியை மறந்தவர்களின் கண் வெந்தது. வசதிக்கும் பாதுகாப்புக்குமாகச் சந்தை ஒற்றைப்படிக்கு நகர்ந்தது, அந்த நகர்வில் கொஞ்சம் கொல்திறன் கைவிட்டுப் போனது. சரியான பேரமா என்று கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு ஆம் என்பதே எங்கள் கருத்து.

சோதனையில் தேறுவது என்றால் என்ன

லென்ஸ் கரைசல்களை அளக்கும் சர்வதேச அளவுகோல் ஐஎஸ்ஓ 14729. மூன்று பாக்டீரியா: சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், செராட்டியா மார்செசன்ஸ். இரண்டு பூஞ்சை: கேண்டிடா அல்பிகன்ஸ், ஃபியூசேரியம். கரைசல் தனியாகவே தேற வேண்டுமானால், சொல்லப்பட்ட ஊறல் நேரத்துக்குள் பாக்டீரியா 3 லாக் குறைய வேண்டும், பூஞ்சை 1 லாக் குறைந்தால் போதும்.

லாக் என்ற சொல்லைக் கேட்டு நகர்ந்துவிடாமல் கணக்கைப் பார்க்க வேண்டும். பத்து லட்சம் பாக்டீரியா ஆயிரமாகக் குறைவது 3 லாக். பத்து லட்சம் பூஞ்சை ஒரு லட்சமாகக் குறைவது 1 லாக். பத்தில் ஒன்று உயிரோடு இருக்கும் கரைசலும் பூஞ்சைப் பிரிவில் தேர்ச்சிதான். “99.9 சதவீதம்” என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அது பாக்டீரியாவைப் பற்றிய பேச்சாகவே பெரும்பாலும் இருக்கும். தேய்ப்பது, அலசுவது, ஊறவைப்பது மூன்றையும் சேர்த்த முழு முறையாக ஒரு கரைசல் தேறுவதற்கு வேறொரு பாதையும் அந்த அளவுகோலில் உண்டு. அங்கே கரைசல் மட்டுமே காட்ட வேண்டிய திறன் இன்னும் குறைவு.

இந்தச் சோதனைகளில் பெராக்சைடு முறைகள் பாக்டீரியாவைப் பொறுத்தவரை தாராளமாகத் தேறுகின்றன, ஒற்றைப்படி உட்பட. பூஞ்சைக்கு பாக்டீரியாவை விட நேரம் கூடுதலாகத் தேவை, வட்டு முறையில் வலுவான நேரம் குறைவு. ஆகவே அங்கே இடைவெளி குறுகுகிறது, ஆனாலும் தேர்ச்சிதான்.

சோதனைக்கூடத் தேர்ச்சி மட்டும் போதாது என்பதை 2006-ம் ஆண்டு உலகம் பார்த்தது. பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனத்தின் ரெனியூ மாய்ஸ்ச்சர்லாக் என்ற பல்நோக்குக் கரைசலை (துப்புரவு, அலசல், கிருமிநீக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே புட்டி) பயன்படுத்தியவர்களிடையே ஃபியூசேரியம் பூஞ்சையால் கருவிழித் தொற்று பரவி, அந்தக் கரைசல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டே, 2007-ல், ஏஎம்ஓ நிறுவனத்தின் கம்ப்ளீட் மாய்ஸ்ச்சர்ப்ளஸ் அகந்தமீபா என்ற ஓரணு உயிரியின் தொற்றை ஒட்டித் திரும்பப் பெறப்பட்டது. இரண்டும் பெராக்சைடு அல்ல, இரண்டும் விற்பனைக்குத் தேவையான சோதனைகளைக் கடந்து வந்தவைதான். பழைய கரைசலின் மேலேயே புதியதைச் சேர்த்து நிரப்பும் பழக்கம், டப்பா திறந்து கிடந்து கரைசல் வற்றுவது, லென்ஸ் பொருள் மருந்தை உறிஞ்சிக்கொள்வது போன்றவை சோதனைக்குழாயில் தெரிவதில்லை.

அகந்தமீபா என்ற தனிக் கணக்கு

ஐஎஸ்ஓ 14729 பட்டியலில் அகந்தமீபா இல்லை. ஆனால் லென்ஸ் அணிபவர்கள் பயப்பட வேண்டிய பெயர்களில் அது முன்வரிசையில் நிற்கிறது. குழாய்த் தண்ணீர், நீச்சல் குளம், மண் என்று எங்கும் வாழும் ஓரணு உயிரி அது. கருவிழியில் புகுந்துவிட்டால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், பார்வையும் போகலாம்.

அது இரண்டு உருவங்களில் வாழ்கிறது. நகர்ந்து திரிந்து இரை தேடும் உருவம் பெராக்சைடுக்கு எளிதில் மடிகிறது. நிலைமை மோசமானால் அது சுருண்டு, இரட்டைச் சுவர் கொண்ட கூடாக மாறிக்கொள்கிறது. அந்தச் சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது. கூட்டைக் கொல்ல 3 சதவீதக் கரைசல் வலு குறையாமல் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். நான்கு மணி நேரமாவது என்று வைத்துக்கொள்ளலாம். பிளாட்டினம் வட்டு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. கூட்டின் சுவர் தளர்வதற்குள் வெளியே இருப்பது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். ஆகவே ஒற்றைப்படி முறை கூடுகளில் ஒரு பகுதியைத்தான் குறைக்கும், முற்றாக ஒழிக்காது. பல்நோக்குக் கரைசல்களில் பலவும் இதில் பெராக்சைடை விட மேல் என்று சொல்வதற்கில்லை.

இதிலிருந்து வரும் நடைமுறை விதி ஒன்றுதான்: கூடு டப்பாவுக்குள் வந்த பிறகு கரைசல் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாமல், வரவே விடாதீர்கள். லென்ஸையோ டப்பாவையோ குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது. லென்ஸோடு குளிக்கக் கூடாது, நீந்தக் கூடாது. கை கழுவிய பிறகு துடைத்து முழுக்கக் காயவைத்துவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். ஈரக்கையில் இருப்பதும் குழாய்த் தண்ணீர்தான்.

வைரஸைப் பொறுத்தவரை ஒரு பழைய குறிப்பு உண்டு. 1985-ல், எய்ட்ஸ் வைரஸ் கண்ணீரில் இருப்பது தெரியவந்தபோது, கடைகளிலும் மருத்துவமனைகளிலும் பலருக்கும் போட்டுப்பார்க்கும் மாதிரி லென்ஸ்களைச் சுத்திகரிக்க அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இரண்டு வழிகளைச் சொன்னது: பெராக்சைடு முறை, அல்லது 78 முதல் 80 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சூடாக்குவது. பெராக்சைடு மீதான மருத்துவ உலகின் நம்பிக்கைக்கு அது நல்ல அடையாளம்.

நடுநிலையான பிறகு காவல் இல்லை

பல்நோக்குக் கரைசலில் பாலிகுவாட், பிஎச்எம்பி போன்ற பாதுகாப்புப் பொருட்கள் டப்பாவைத் திறக்கும்வரை வேலை செய்துகொண்டே இருக்கும். அவையே லென்ஸில் ஊறி, கண்ணில் வெளியேறி, சிலருக்குச் சிவப்பும் கருவிழி மேற்பரப்பில் புள்ளிப்புள்ளியான பாதிப்பும் உண்டாக்குகின்றன. பெராக்சைடில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ் போட்டுப் பல்நோக்குக் கரைசலில் கண் சிவப்பவர்களுக்கும் கண் மருத்துவர்கள் இதை எழுதித் தருவது அதனால்தான்.

அதே தூய்மைதான் இதன் ஓட்டையும். காலையில் டப்பாவுக்குள் இருக்கும் திரவத்தில் கிருமியைத் தடுக்க எதுவுமே இல்லை. தப்பித்த கொஞ்சம் கிருமி அதில் மறுபடி பெருகலாம். மூடியைத் திறக்காமல் வைத்தால் எத்தனை நாள் தாங்கும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், பரவலாக விற்கும் ஒன்றில் 7 நாள். அதைத் தாண்டினால் புதிய கரைசலில் முழுச் சுற்றும் மறுபடி ஓட வேண்டும். ஒரு முறை திறந்து மூடினாலும் அப்படியே. வாரத்தில் ஒரு நாள் மட்டும் லென்ஸ் போடுகிறவருக்கு இந்த முறை பொருத்தம் இல்லை. அவர் தினமும் போட்டுத் தூக்கி எறியும் லென்ஸுக்கு மாறுவது நல்லது.

செய்முறையில் எங்கே தவறுகிறது

லென்ஸைக் கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, சலைன் (கிருமி நீக்கிய உப்புக் கரைசல்) அல்லது லென்ஸ் துப்புரவுக் கரைசல் விட்டு, இரண்டு பக்கமும் விரல் நுனியால் மெல்லத் தேயுங்கள். பெராக்சைடு புட்டியில் “தேய்க்கத் தேவையில்லை” என்று இருந்தாலும் தேய்ப்பது நல்லது. கொழுப்பும் புரதமும் கிருமிக்கு மறைவிடம், பெராக்சைடு அவற்றைக் கரைப்பதில் கெட்டிக்காரன் அல்ல. துப்புரவுக் கரைசல் பயன்படுத்தினால் சலைனால் முழுக்க அலசிவிடுங்கள். சோப்புத்தன்மை கொஞ்சம் மிஞ்சினாலும், பெராக்சைடு சிதையும்போது எழும் வாயு அதை நுரையாக்கி மூடித் துளை வழியாகப் பொங்கவிடும்.

லென்ஸைக் கூடைக்குள் வைத்து மூடும்போது ஓரம் சட்டத்தில் சிக்காமல் நடுவில் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். குமிழ் லென்ஸுக்கு அடியில் சேர்ந்து அதை மேலே தூக்கும். ஓரம் கம்பியிடுக்கில் மாட்டியிருந்தால் காலையில் அரைநிலா வடிவில் கிழிந்திருக்கும். கோடு வரை கரைசல் ஊற்றி, கூடையை இறக்கி, மூடியைத் திருகி, டப்பாவை நிமிர்த்தி வையுங்கள். அறை வெப்பநிலையில் வையுங்கள்; குளிர்ந்த இடத்தில் எல்லா வினையும் மெதுவாகும், வட்டின் வேலையும் விதிவிலக்கல்ல.

ஊற்றிய சில நொடிகளில் வட்டிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் சரமாக ஏறுவதைப் பாருங்கள். அது தினசரிப் பரிசோதனை. பொங்குவது வரவரத் தளர்ந்தால் வட்டின் ஆயுள் முடிகிறது என்று பொருள். புரதமும் கொழுப்பும் படிந்து பிளாட்டினத்தின் மேற்பரப்பை அடைத்துக்கொள்ளும். அதைச் சுரண்டியோ கொதிக்கவைத்தோ புதுப்பிக்க முடியாது, பூச்சுதான் உரியும். ஒவ்வொரு புதுப் புட்டியோடும் புது டப்பா தருவது இதற்காகவே. பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று புதியதை எடுத்துப் பத்திரப்படுத்துகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு ஒரு நாள் கண் எரியும்.

வட்டு இல்லாத சாதாரண தட்டை டப்பாவில் இந்தக் கரைசலை ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசமான தவறு. இரவு முழுவதும் ஊறினாலும் அதில் 3 சதவீதம் அப்படியே இருக்கும். காயத்துக்குப் போடும் பெராக்சைடும் 3 சதவீதம்தானே என்று அதை ஊற்றுவதும் ஆபத்து. அதன் அமிலத்தன்மை லென்ஸுக்கேற்பச் சரிசெய்யப்படவில்லை, அதிலுள்ள நிலைப்படுத்திகள் கண்ணுக்கானவை அல்ல, லென்ஸின் நிறமும் மாறலாம்.

காலையில் லென்ஸை எடுத்து மாட்டும் முன் “ஒரு அலசு அலசலாம்” என்று பக்கத்தில் இருக்கும் புட்டியை எடுக்கிறார்கள் பாருங்கள், மிக அதிகமாக நடக்கும் விபத்து அதுதான். பெராக்சைடு புட்டியின் முனையைச் சிவப்பாகச் செய்திருப்பது இதைத் தடுக்கத்தான். அலச வேண்டும் என்றால் சலைன் மட்டும். அதை வேறு அலமாரியில், பெராக்சைடுக்குப் பக்கத்தில் இல்லாமல் வைத்துக்கொள்வது நல்லது. லென்ஸை எடுத்த பிறகு டப்பாவைக் கொட்டி, அதே பெராக்சைடாலோ சலைனாலோ அலசி, உதறி, திறந்தபடி கவிழ்த்துக் காயவிடுங்கள். மாத்திரை முறையில் உள்ள கேட்டலேஸ் போக நன்றாகவே அலச வேண்டும்.

நடுநிலையாகாத பெராக்சைடு கண்ணில் பட்டால் வலி உடனே தெரியும், சந்தேகத்துக்கே இடமிருக்காது. இமை இறுக மூடிக்கொள்ளும், லென்ஸைக் கழற்றுவதே சிரமமாக இருக்கும். ஆனாலும் முதலில் அதைக் கழற்றத்தான் வேண்டும், ஏனென்றால் பெராக்சைடைப் பிடித்துவைத்திருப்பது அதுதான். பிறகு சலைனால், அது கைவசம் இல்லாவிட்டால் சுத்தமான தண்ணீரால், பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தாமல் கண்ணைக் கழுவ வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் குழாய்த் தண்ணீர் குற்றமில்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். எரிச்சல் குறையாவிட்டாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண் முழுக்கத் தெளியும்வரை கண்ணாடிதான், அந்த லென்ஸை மீண்டும் முழுச் சுற்று ஊறவைக்காமல் மாட்டக் கூடாது.